பின்சீட்டுக்குத் தொப்பி ஹெல்மெட் போதுமா?

கேள்வி: பெங்களூர்ல அல்சூர்–மடிவாளா தினமும் பைக்ல போறோம், பின்னால மனைவி. போலீசுக்காக ஒரு தொப்பி ஹெல்மெட் (தொப்பி மாதிரி தலை மேல மட்டும் மூடுறது) வாங்கினா போதுமா?

பதில் 1: கர்நாடகாவில் 2016 ஜனவரியிலிருந்தே பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ். 4151 (ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை இல்லாதது கணக்கில் வராது. தாடை வாரை மாட்டாமல் போனாலும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 129-ஐ மீறியதுதான்.

பதில் 2: அபராதத்தை விடுங்க. அடியை வாங்குறது உள்ளே இருக்கிற தெர்மகோல். அது நசுங்கித்தான் மண்டைக்குப் போற வேகம் குறையுது. தொப்பியில இருக்கறது வெறும் ஸ்பாஞ்ச். பலமா விழுந்திருந்தா, வெளியே கீறல் மட்டும் தெரிஞ்சாலும் மாத்திடுங்க. நசுங்கின தெர்மகோல் மறுபடி எழும்பாது.

அளவுக்கு, புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுத்துங்க. 58 செ.மீ. வந்தா 580 மி.மீ. ஸ்டிக்கர் பார்த்து எடுங்க. எம், எல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பதில் 3: வாரை மாட்டிட்டு பின்பக்கமா மேலே தூக்கிப் பாருங்க. கழன்று வந்தா அளவு பெரிசு.