நாட் விமானம் சேபரை எப்படிச் சமாளித்தது?

திருப்பரங்குன்றத்தில் என் பெரியப்பா, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், "நாட் விமானத்துக்கு ஏணியே வேண்டாம்டா, நின்றபடியே வேலை பார்க்கலாம்" என்பார். அவ்வளவு குட்டிப் போர் விமானம் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களுக்கு எதிரே எப்படித் தாக்குப்பிடித்தது?

பதில் 1: அட, குட்டியாக இருந்ததுதான் பலமே! இறக்கை 7 மீட்டர்கூட இல்லை, எதிரி பார்ப்பதற்குள் வால்பக்கம் வந்துவிடும். பிரிட்டனில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது, அப்புறம் நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் பெங்களூரில் கட்டியது.

பதில் 2: ரொம்பப் புகழாதீர்கள். 30 மிமீ பீரங்கிகள் சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும், ஹைட்ராலிக்கும் தகராறு. 1965-ல் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கி அவர்களிடமே மாட்டியது.

கேட்டவர்: பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பீரங்கி விஷயத்துக்குச் சிரித்தார். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகரில் சேபர் கூட்டத்தோடு மோதி உயிர்விட்ட சேகான் ஓட்டியதும் நாட்தான், விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.