ரேஷன் அரிசித் தலைப்பு: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

மாலதி அத்தை: இன்றைய நாளிதழின் படத்தைப் பகிர்ந்திருக்கிறேன். "ரேஷன் அரிசி கடத்தல்: ஊழியர் சிக்கினார்" என்று நான்கு காலம் (பத்தி) அகலத்தில் போட்டிருக்கிறார்கள். நம் தெருக் கடையில் பொருள் வழங்கும் பெண்ணைத்தான் சொல்கிறார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்.

கதிர்: அனுப்ப வேண்டாம், அத்தை. செய்தியைக் கடைசி வரி வரை படித்தேன். இருப்பு குறைவதாக ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், வட்ட வழங்கல் அலுவலர் அந்த ஊழியரிடம் விசாரித்து வருகிறார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கைது இல்லை, வழக்கும் இல்லை.

மாலதி அத்தை: அப்படியானால் நிருபர் ஏன் இப்படித் தலைப்பு வைத்தார்?

பெரியப்பா: நிருபர் பெரும்பாலும் தலைப்பு வைப்பதில்லை, மாலதி. நான் செய்திப் பிரிவில் இருந்தபோது, இரவில் பக்கம் கட்டும் உதவி ஆசிரியர்தான், செய்திக்கு ஒதுக்கிய காலங்களுக்குள் எத்தனை எழுத்து அடங்கும் என்று பார்த்துத் தலைப்பு எழுதுவார். இடம் போதாதபோது "புகார்", "எனக் கூறப்படுகிறது" போன்றவைதாம் முதலில் வெட்டுப்படும். ஆனால் ஒருவரின் மானத்தைக் காப்பவையும் அவையே. "அரிசி கடத்தியதாகப் புகார்: ஊழியரிடம் விசாரணை" என்று எழுதியிருந்தால் எழுத்தின் அளவை ஒரு படி குறைத்து அதே இடத்தில் அடக்கியிருக்கலாம். தலைப்பு தன் கீழுள்ள செய்தியால் நியாயப்பட வேண்டும், குற்றச்சாட்டைத் தலைப்பாக்கினால் அதைச் சொன்னது யார் என்று காட்ட வேண்டும், குறைந்தது மேற்கோள் குறியாவது இட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகளே கூறுகின்றன.

மாலதி அத்தை: தலைப்பு சுண்டி இழுக்காவிட்டால் பேப்பரை யார் வாங்குவார்கள், அண்ணா? பெட்டிக்கடை வாசலில் தொங்கும் போஸ்டரைப் பார்த்துத்தானே பலர் வாங்குகிறார்கள்?

பெரியப்பா: போஸ்டர் விற்பனைக்காக அடிப்பது; "பிரபல நடிகர் கைது" என்று பெயரை மறைத்து ஆவலைத் தூண்டும். உள்ளே இருக்கும் தலைப்பின் வேலையோ சொல்வது. பெரிய எழுத்தும் எளிய சொல்லும் பரபரப்புக்கு மட்டுமே உரியவை அல்ல. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் டீக்கடைப் பெஞ்சில் நாளிதழ் வாசகராக்கியதற்கு அந்த எளிமையே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதிர்: தலைப்பு தவறாவதற்கு அவசரமும் ஒரு காரணம், பெரியப்பா. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முன்கூட்டியே அச்சுக்குப் போக வேண்டியிருந்த சிகாகோ டெய்லி டிரிபியூன், முடிவு தெரியும் முன்பே "ட்ரூமனை வென்றார் டூயி" என்று முதல் பதிப்பில் போட்டுவிட்டது. வென்ற ட்ரூமன் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்த இதழை உயர்த்திக் காட்டிச் சிரிக்கும் படம் இன்றும் பேசப்படுகிறது.

பெரியப்பா: ட்ரூமனுக்கு அந்தத் தவற்றைக் காட்ட உலகமே மேடையாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு அது இல்லை; நாளை திருத்தம் வந்தாலும் உள்பக்கத்தில் நான்கு வரியாகத்தான் வரும்.

மாலதி அத்தை: அவள் என்ன செய்ய முடியும், அண்ணா?

பெரியப்பா: முதலில் நாளிதழின் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அவள் விரும்பினால் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். கதிர், அந்தப் பக்கத்தைத் தேதியும் பதிப்பின் ஊரும் தெரியும்படி முழுதாகப் படமெடுத்து வை.

மாலதி அத்தை: மாலையில் கடை மூடியதும் அவளிடமே கேட்டுவிட்டு எழுதுகிறேன்.