மென்களிமண்ணின் கணக்கீட்டு மாதிரியில் ஓசிஆர் மதிப்பை எப்படி முடிவு செய்வது? உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, சிங்கப்பூரின் கல்லாங் கடல் களிமண்ணில் ஆழமாகத் தோண்டும் பள்ளத்தைப் பிளாக்சிஸ் மென்பொருளில் கணக்கிட்டு வருகிறேன். என் கேள்வி ஓசிஆர் பற்றியது; மண் முன்பு தாங்கிய மிகப்பெரிய அழுத்தத்துக்கும் இப்போது தாங்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் அது. அங்கே 2004 ஏப்ரல் 20 அன்று நடந்த நிக்கல் நெடுஞ்சாலைப் பள்ளச் சரிவில் நான்கு பேர் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று கணக்கீட்டு முறை. நீர் வடியாத மென்களிமண்ணுக்கு மோர்-கூலும் என்ற எளிய வலிமை மாதிரியில் பயனுறு தகைவு (துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் போக மண்துகள்கள் தாங்கும் அழுத்தம்) அளவுகளைக் கொடுத்திருந்தார்கள். களிமண் நெரிபடும்போது துளைநீர் அழுத்தம் ஏறுவதை அந்த மாதிரி சரியாகக் காட்டாது. அதனால் வலிமை கூடுதலாகவும் சுவரின் நகர்வு குறைவாகவும் வந்தன. அதைப் படித்த பிறகு, சரிபார்க்காத எந்த எண்ணையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் பயன்படுத்தும், மென்மண்ணுக்கான சாஃப்ட் சாயில் மாதிரியில், மண்ணைப் படிப்படியாக அமுக்கிப் பார்க்கும் ஒடோமீட்டர் சோதனையின் அமுக்க வளைவு நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் உடைவில்தான். ஓசிஆரை 1.2இலிருந்து 1.5 ஆக்கினாலே வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. மண் மாதிரி எடுக்கும்போது சற்றுக் குலைந்திருந்தாலும் முன்னமுக்க அழுத்தம் (மண் முன்பு தாங்கிய மிகப்பெரிய அழுத்தம்) குறைவாகத் தெரியும் என்பதால், சோதனை தரும் ஓசிஆரை அப்படியே எடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

களத்தில் இறகுத் தகடுகளை மண்ணில் செருகிச் சுழற்றும் வேன் சோதனை தரும் வலிமைக்குப் பியெரம் திருத்தம் (களிமண்ணின் குழைமத்தன்மைக்கு ஏற்ப அதைச் சரிசெய்யும் காரணி) செய்து, அதற்கு ஒத்துவரும்படி ஓசிஆரைப் பின்னோக்கிக் கணக்கிடலாமா? பள்ளத்தின் அடியில் மண் சுமை இறங்கி நீள்கிறதே, அங்கும் அதே மதிப்பு செல்லுமா? கடல் களிமண்ணில் வேலை செய்த பொறியாளர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.