ஜீப் எஃப்-134 என்ஜின்: ஆயில் பில்டர் பைப் இரண்டையும் எங்கே சேர்ப்பது?

குலசேகரம் வண்டி:
வணக்கம். மகிந்திரா சி.ஜே.3பி, எஃப்-134 பெட்ரோல் என்ஜின். போர் பண்ணி, பேரிங் மாற்றி ஏற்றியாச்சு. ஆயில் பில்டர் தனியாக நிற்கும் பழைய டப்பா வகை. கழற்றும்போது பைப்புகளுக்கு அடையாளம் வைக்கவில்லை. இப்போது டப்பாவின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து ஒரு பைப் பிளாக்கில் ஆயில் கேலரிக்கு (பம்ப் தள்ளும் ஆயில் பிரஷரோடு ஓடும் வழி) போகிறது. அடி ஓட்டையிலிருந்து வரும் பைப்பை, பிரஷர் கேஜ் லைன் எடுக்கும் இடத்தில் ஒரு டீ போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். டைமிங் கவரில் ஒரு ஓட்டை பிளக் அடித்துக் கிடக்கிறது. குளிர்ந்த என்ஜினில் ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) 40 பி.எஸ்.ஐ. காட்டுகிறது, பேச்சிப்பாறை வரை போய் நன்றாகச் சூடானபின் ஸ்லோவில் 5தான். அரை மணி நேரம் ஓடினாலும் பில்டர் டப்பா பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. பில்டர் லைன்தான் பிரஷரைத் தின்கிறதா?

வடசேரி வில்லிஸ்:
தம்பி, டப்பா சூடாகவில்லை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இது பைபாஸ் பில்டர். பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் இதன் வழியாகப் போகாது. கேலரியிலிருந்து கொஞ்சம் பிரிந்து வந்து, வடிகட்டி, நேராகச் சேம்பருக்கு (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பும். ஒரு முனையில் பிரஷர், மறுமுனையில் பிரஷர் இல்லாத இடம் இருந்தால்தான் ஆயில் நகரும். கேஜ் டீயும் கேலரிதான். இரண்டு முனையிலும் ஒரே பிரஷர் இருக்கும்போது டப்பாவுக்குள் ஆயில் நிற்குமே தவிர ஓடாது.

அதனால் உங்கள் 5 பி.எஸ்.ஐ.க்கு இப்போதைக்குப் பில்டர் காரணம் இல்லை. ஓடாத ஆயில் பிரஷரைத் தின்னாது. அது தனிக் கணக்கு, கீழே சொல்கிறேன்.

ரிட்டர்ன் போக வேண்டிய இடம் நீங்கள் சொன்ன டைமிங் கவர் ஓட்டைதான். பிளக்கைக் கழற்றி டப்பாவின் அடி ஓட்டை பைப்பை அங்கே கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது: காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஓட்டையைத் திறந்து வைத்து, செல்ப் அடியுங்கள். ஆயில் வேகமாகப் பீய்ச்சினால் கேலரி. ஒன்றும் வராவிட்டால், சும்மா கசிந்தால், அது ரிட்டர்னுக்கு ஆகும். துணி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பைப்பை மாற்றும் முன் டப்பாவைத் திறந்து நடுக்குழாயில் சிறு ஓட்டை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1/16 இஞ்ச், அதாவது ஒன்றரை மி.மீ. அளவு. 1.5 டிரில் பிட்டின் காம்பு உள்ளே போய், 2 மி.மீ. போகாமல் இருந்தால் சரி. இந்த ஓட்டைதான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது. 40 பி.எஸ்.ஐ.யில், ஆயில் சூடாக இருக்கும்போது, இதன் வழியாக நிமிடத்துக்கு சுமார் ஒன்றரை லிட்டர் போகும். யாராவது அடைப்பு எடுக்கிறேன் என்று 3 மி.மீ. பிட் விட்டிருந்தால் நான்கு மடங்கு போகும். இந்தச் சிறு ஓட்டைக்குப் பதில் முழுக்கத் திறந்த குழாயோ வேறு பில்டரின் குழாயோ போட்டிருந்தால் இன்னும் மோசம். இன்றைக்கு 5 காட்டும் வண்டி, ரிட்டர்னைச் சரியாகக் கொடுத்த அன்றைக்கு ஸ்லோவில் பூஜ்யம் காட்டும்.

தக்கலை லேத்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. ஓட்டையைப் பிளாக் பக்கத்து நிப்பிளிலேயே (பைப்பைச் சேர்க்கப் பிளாக்கில் திருகும் துண்டு) வைக்கலாம். நிப்பிளில் பித்தளைத் துண்டை அடித்து இறுக்கி, நடுவில் 1.5 மி.மீ. போட்டால் போதும். வழியில் பைப் உடைந்தாலும் கேலரி பிரஷர் ஒரேயடியாக விழாது, நிறுத்த நேரம் கிடைக்கும். குறை என்னவென்றால் அங்கே வருவது வடிகட்டாத ஆயில். ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றி ஊத வேண்டும். டப்பாவில் ஒன்று, நிப்பிளில் ஒன்று என இரண்டும் இருந்தால் ஓட்டம் சுமார் 70 சதவீதமாகக் குறையும். பரவாயில்லை, நான் இரண்டையும் வைக்கத்தான் சொல்வேன். கேஜ் லைனை மட்டும் இந்த ஓட்டைக்குப் பிறகு எடுக்கவே கூடாது. பொய்க் கணக்கு காட்டும்.

திருகு விஷயத்தில் கவனம். இந்த என்ஜின் அமெரிக்க வடிவமைப்பு, கேலரி ஓட்டைகளில் 1/8 என்.பி.டி. (அமெரிக்கப் பைப் திருகு) மரை: இஞ்சுக்கு 27, கோணம் 60 டிகிரி. ஹார்டுவேர் கடையில் கேட்டால் வருவது பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் திருகு): இஞ்சுக்கு 28, கோணம் 55. இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். இறுகியதே போதும் என்று விட்டால் சூட்டில் கசியும். இன்னும் முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

டெப்லான் டேப் வேண்டாம். அதன் நார் ஒன்று பிய்ந்து போனாலே ஒன்றரை மி.மீ. ஓட்டை அடைந்துவிடும். திரவ சீலன்ட் போடுங்கள், முனையில் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

முட்டம் டீசல்:
பைப்புக்கு 1/4 இஞ்ச் வெளிவிட்டம் போதும். வெறும் செம்புப் பைப்பை நேராக இழுத்துக் கட்டினால் அதிர்வில் இறுகி, பிளேர் (விரித்த பைப் முனை) கழுத்தில் விரிசல் விடும். செம்புதான் என்றால் ஒரு சுற்று வளையம் விட்டு, நடுவில் கிளிப் போட்டுக் கட்டுங்கள். இரும்பு பிரேக் பைப் உறுதி. அதற்கு இரட்டைப் பிளேர் அடிக்க வேண்டும், ஒற்றை அடித்தால் விளிம்பு கிழியும். குளச்சல், முட்டம் பக்கம் ஓடும் வண்டியானால் உப்புக்காற்றுக்கு இரும்பு நிற்காது, செம்பு-நிக்கல் கலவைப் பைப் தேடிப் போடுங்கள்.

ஹோஸ் போடுவதென்றால் ஹைட்ராலிக் ஹோஸ்தான், முனையை மிஷினில் கிரிம்ப் பண்ணி. பெட்ரோல் ஹோஸும் கிளிப்பும் வேண்டவே வேண்டாம். சூடான ஆயிலில் ஊறி வழுக்கி, கழன்று, நேராக எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் ஊற்றும். ஹைட்ராலிக் பிட்டிங்கில் 37 டிகிரி பிளேரும் உண்டு, வண்டிப் பிட்டிங் 45 டிகிரி. கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், சேர்த்தால் அடைக்காது.

வடசேரி வில்லிஸ்:
இனி அந்த 5 பி.எஸ்.ஐ. இந்த என்ஜினுக்குச் சூட்டில் 600 ஆர்.பி.எம். ஸ்லோவில் குறைந்தபட்சம் 6, மணிக்கு 35 மைல் (56 கி.மீ.) ஓட்டத்தில் 20 வேண்டும். முதலில் வேறொரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். அதிலும் குறைவு என்றால் பம்பைத் திறங்கள். பம்ப் கவருக்குத் தடித்த காகிதத்தில் கேஸ்கெட் வெட்டியிருந்தால் உள் இடைவெளி கூடி, சூடான மெல்லிய ஆயில் பின்னுக்கே நழுவும். புதிதாகக் கட்டிய என்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ரிலீப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் திறந்து விடுவது) ஸ்பிரிங்குக்கு ஷிம் (மெல்லிய வாஷர்) போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது வண்டி ஓடும்போது வரும் பிரஷரைத்தான் ஏற்றும். ஸ்லோவில் அந்த வால்வு மூடியே இருக்கும், ஷிம் போட்டு பயன் இல்லை. வால்வு தூசியில் மாட்டித் திறந்தே நின்றால் மட்டும் விஷயம் வேறு. பம்பும் சரி, வால்வும் சரி என்றால் பேரிங் இடைவெளி அளக்காமல் வழியில்லை.

குலசேகரம் வண்டி:
நன்றி அண்ணாச்சி. டப்பாவைத் தூக்கிவிட்டு இப்போது வரும் ஸ்பின்-ஆன் பில்டர் (முழுதாகத் திருகி மாட்டும் வகை) போடலாமா? பைப் எது எதில்?

தக்கலை லேத்:
போடலாம், நிப்பிளில் 1.5 மி.மீ. ஓட்டை இருந்தால் மட்டும். அந்த பில்டர்கள் முழு ஓட்டத்துக்குச் செய்தவை, உள்ளே தடையே இருக்காது. கேலரி பைப் வெளிவட்டத்து ஓட்டைகளுக்கு, ரிட்டர்ன் நடு மரைக்கு. பில்டரைத் திருகும் ஹெட்டில் அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் ஊதிப் பார்த்து அடையாளம் வையுங்கள். மாற்றிக் கொடுத்தால் உள்ளிருக்கும் ரப்பர் வால்வு ஓட்டைகளை மூடிக்கொள்ளும், ஆயில் போகாது. பைபாஸ் லைனில் அப்படி நடந்தால் வடிகட்டல் மட்டும் போகும். முழு ஓட்ட என்ஜினில் செய்தால் பேரிங்குக்கே ஆயில் வராது.

பழைய டப்பாவிலும் திசை முக்கியம். ஆயில் எலிமெண்டின் (டப்பாவுக்குள் இருக்கும் வடிகட்டி) வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். மாறினால் எலிமெண்ட் உள்ளிருந்து உப்பிக் கிழியும், வெளியே படிந்திருந்த அழுக்கெல்லாம் ரிட்டர்ன் வழியாகச் சேம்பருக்குக் கிளம்பும்.

முட்டம் டீசல்:
மூடி வைக்கும்போது பழைய கேஸ்கெட் டப்பா விளிம்பில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கேஸ்கெட் சேர்ந்தால் ஒழுகும். டப்பாவில் பாதி ஆயில் ஊற்றி மூடுங்கள். காயில் வயர் இல்லாமல் பத்துப் பத்து நொடியாகச் செல்ப் அடித்து, கேஜ் எழுந்தபின் ஸ்டார்ட் பண்ணுங்கள். இந்த என்ஜினுக்குச் சேம்பரில் 3.8 லிட்டர், பில்டரோடு 4.7. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பாருங்கள், குறைந்ததை ஊற்றுங்கள். பதினைந்து நிமிடம் ஓடியபின் டப்பாவைத் தொட்டால் கை சுட வேண்டும்.