புதுப்பிப்பு: எச்.எம்.டி ஜனதா கைக்கடிகாரம் வாங்கிவிட்டேன்

2,000 ரூபாய்க்குள் முதல் பழைய கைக்கடிகாரம் எது வாங்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பளபளக்கும் டயலைக் கண்டு ஏமாறாதே, பின்மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதே என்றீர்கள். இரண்டுமே கை கொடுத்தன.

கிருஷ்ணகிரியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் இரண்டு ஜனதா இருந்தன. ஒன்றின் டயல் பால் வெள்ளை. லென்ஸ் வழியே பார்த்தால் எழுத்தின் ஓரம் மை ஊறியதுபோல் தடித்திருந்தது. மறுபடி பெயிண்ட் அடித்த டயல். "இது வேண்டாம் தம்பி" என்று அவரே ஒதுக்கிவிட்டார். இன்னொன்று லேசாகப் பழுப்பேறியது, ஆனால் எழுத்து ஊசிமுனைபோல் கூர்மை. மூடியைத் திறந்ததும் உள்ளே துரு இல்லை, 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்க உள்ளே பதிக்கும் சிறு கற்கள்) என்ற எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. அதையே எடுத்தேன். 1,300 ரூபாய், கழுவி எண்ணெய் போட்டுத் தர 400.

அக்ரிலிக் கண்ணாடியின் கீறல்களைப் பற்பசை வைத்துத் துணியால் தேய்த்தேன், பெரும்பாலும் போய்விட்டது. காலையில் எழுந்ததும் சாவி கொடுக்கிறேன். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு அரை நிமிடம்போல் பிந்துகிறது, இந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான். தண்ணீர் மட்டும் ஆகாது, கை கழுவும்போதும் கழற்றி வைக்கிறேன்.

ஓசூரில் டைட்டன் ஆலை வருவதற்கு முன்பே, 1961-லேயே, ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி கடிகாரத் தயாரிப்பு தொடங்கிவிட்டது. இரவில் என் ஜனதாவின் டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன். பட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. 18 மில்லிமீட்டர் தோல் பட்டை தேடுகிறேன்.