அறுபத்திநாலாம் நிமிசம்

*நம்மட குடும்பம் – கல்லடி*

பெரிய மாமா: சின்னவன், ஃபுட்போல் கழகத்துல 16 வயசுக்குக் கீழ்ப் பொடியன்களுக்கு உன்னையக் கோச்சாப் போட்டிரிக்காங்களாம். மெய்யாடா?

சின்னவன்: ஓம் மாமா. ஆள் கிடைக்கும் மட்டும்தான். பழைய கோச் வெளிநாடு போயிட்டார்.

பெரிய மாமா: 24 வயசு. ஒரு டீமையும் பழக்கினதில்ல. வேற ஆளே இல்லயா?

கட்டார் அண்ணன்: ஸ்கலோனியும் ஆள் கிடைக்கும் மட்டும்தான் வந்தவர் மாமா 😂

ரீச்சர் மாமி: ஆர் மனே அது?

கட்டார் அண்ணன்: ஆர்ஜென்டினா கோச் மாமி. 2018 வேர்ல்ட் கப்புல பிரான்ஸ்கிட்ட 4-3 தோத்த கையோட சம்பவோலிய அனுப்பிட்டாங்க. அவருக்கு உதவியா நிண்ட இந்தாள தற்காலிகமாப் போட்டாங்க. அதுக்கு முதல் ஒரு கிளப்புக்கும் தலைமைக் கோச்சா இருந்ததில்ல.

பெரிய மாமா: மரடோனா என்ன சொன்னார்? ரோட்டுல ட்ராபிக் பாக்கவும் ஏலாத ஆளெண்டு.

சின்னவன்: 2019 கோபா, தென்னமெரிக்கக் கப், செமியில பிரேசில்கிட்ட 2-0 தோத்தும் கலைக்கல்ல மாமா. பிறகு 36 மெச் தோல்வியே இல்ல. 2021 கோபா ஃபைனல்ல பிரேசில்ட மரக்கானா கிரவுண்டுல வச்சே அவங்கள 1-0. அடிச்சது டி மரியா.

பெரிய மாமா: மறுகா 2022 கட்டார் வேர்ல்ட் கப்புல சவூதிகிட்ட 2-1 தோத்தாங்க. காத்தான்குடிக் கூட்டாளி அண்டைக்கு அனுப்பின வொய்ஸ் இன்னும் என்ட போன்ல கிடக்கு.

சின்னவன்: அங்கதான் அந்தாளப் பாக்கணும். அடுத்த மெச்சுக்கு 5 பேர மாத்தினார். மக் அலிஸ்டர் வந்தான். போலந்தோட என்சோவும் அல்வாரெஸும் தொடக்கத்துலயே. லவுத்தாரோ பெஞ்சுக்குப் போனான். அவன் கோவிச்சுக்கிட்டுப் போகல்ல, 2024 கோபா ஃபைனல்ல 112ம் நிமிசம் கோல் அடிச்சதும் அவன்தான்.

பெரிய மாமா: கட்டார் ஃபைனல சொல்லு. பிரான்ஸோட 2-0 வெண்டுகிட்டு நிக்கிற டீம். 64ம் நிமிசம் டி மரியாவ எடுத்தது ஆர்? 80ல ஒண்டு, 81ல ஒண்டு எம்பாப்பே இறக்கிட்டான்.

ரீச்சர் மாமி: அண்டைக்கு இவருக்கு ரெண்டு தரம் பிரஷர் பாத்த நான். றால் கறியும் ஆறிப் போச்சு.

கட்டார் அண்ணன்: டி மரியாவ அண்டைக்கு இடப்பக்கம் இறக்கினதும் அதே மனுசன்தானே? அதுக்கு முந்தின மூணு நொக்அவுட் மெச்சும் அவரு தொடங்கவே இல்ல. பிரான்ஸ்காரன் முழிக்கிறதுக்குள்ள ஒரு பெனால்டி வாங்கி, ரெண்டாவது கோலும் அடிச்சிட்டார். நான் வெளிய டியூட்டி. சத்தத்த வச்சுத்தான் கோல் எண்ணினது.

சின்னவன்: முடியிற நேரம் டிபாலாவ இறக்கினது பெனால்டிக்கெண்டே. அடிச்சான். பெனால்டியில 4-2 வெற்றி.

பெரிய மாமா: டி மரியாவ ஏன் எடுத்த?

அம்மம்மா: 🎤 0:09

ரீச்சர் மாமி: அம்மம்மா கேக்கிறா, அந்தப் புள்ளைக்கு எத்தின வயசெண்டு.

சின்னவன்: ஸ்கலோனி 1978 மே 16ல பிறந்தவர். ஆர்ஜென்டினா முதல் வேர்ல்ட் கப் எடுத்தது அந்த ஜூன் 25. அப்ப நாப்பது நாள் குழந்தை 🙂

பெரிய மாமா: சரி. எத்தின மணிக்குப் பிராக்டிஸ்?

சின்னவன்: பின்னேரம் நாலரைக்கு.

பெரிய மாமா: கடற்கரை வீட்டுப் பொடியன் இடக்காலன். அவனப் பின்னுக்கு நிப்பாட்டாத. பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் என்னட்டக் கிடக்கு, கொண்டு வாறன்.

சின்னவன்: வாங்க மாமா. பொடியன்களுக்கு முன்னால டி மரியா கத மட்டும் வேணாம்.

பெரிய மாமா: 64ம் நிமிசம்டா!