அயர்ன்பிரிட்ஜ் பாலத்தில் போல்ட் இருக்கிறதா, இல்லையா?

உலைக்கரி:
நேற்று நதிநடை இங்கே ஒரு பயணக் கட்டுரை போட்டிருந்தார். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள அயர்ன்பிரிட்ஜ் ஊரில் காலாற நடந்த கதை. அதில், 1779இல் தூக்கி நிறுத்திய வார்ப்பிரும்புப் பாலத்தில் "ஒரு போல்ட்கூட இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். ஆளாளுக்கு "அருமை, அருமை" என்று பாராட்டியிருக்கிறீர்கள். போல்ட் இருக்கிறது. வளைவின் உச்சியில், இரண்டு பக்கத்துப் பாதி வளைவு இரும்புச் சட்டங்கள் வந்து சேரும் இடத்தில் போல்ட் போட்டுத்தான் பிணைத்திருக்கிறார்கள். தெரியாததை எழுதி நாலு பேரைக் கெடுக்காதீர்கள்.

நதிநடை:
ஐயா, அத்தனை பெரிய கட்டுரையில் உங்கள் கண்ணில் பட்டது இந்த ஒரு வரிதானா? நான் எழுதியது நடையைப் பற்றி. 1834இல் கட்டிய பழைய சரக்குக் கிடங்கிலிருந்து புறப்பட்டு, ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வார்ஃபேஜ் சாலையில் நடந்தேன். பாலத்தைத் தாண்டினால் சாலையோரத்திலேயே 1757இல் எழுந்த பெட்லம் இரும்பு உலைகளின் செங்கல் வளைவுகள். ஒரு காலத்தில் தீயும் புகையும் கக்கிய கரையில் இன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போல்ட்தான் தெரிகிறது.

தச்சன்மகன்:
நதிநடை சொன்னதுதான் சரி. என் அப்பா தச்சர், நானும் உளி பிடித்தவன். அந்தப் பாலத்தின் அடியில் நின்று மூட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு, இடைவெளியில் ஆப்பு. ஓர் ஆப்பின் முனை கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சில இடங்களில் புறாவின் வால் போல விரியும் மூட்டு. வார்ப்பிரும்பில் இவ்வளவு பெரிய பாலத்தை அதுவரை எவரும் கட்டியதில்லை. அதனால் மரவேலைக்காரனின் கைமுறையைக் கடன் வாங்கினார்கள். எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெருமை அது. போல்ட் கதை சொல்லி அதைக் குறைக்க வேண்டாம்.

உலைக்கரி:
தம்பி, ஆப்பு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆப்பு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, புறா வால் மூட்டும் இருக்கிறது. உச்சியில் போல்ட்டும் இருக்கிறது. அடியில் நின்று பார்த்தவருக்கு உச்சி எப்படித் தெரியும்? மொத்தம் 378 டன் இரும்பு, 30 மீட்டருக்கு மேல் அகலமான ஒற்றை வளைவு. பெரிய பாதிச் சட்டம் ஒவ்வொன்றும் ஐந்து டன்னுக்கு மேல். அப்படிப்பட்ட இரண்டு சட்டங்களை ஆற்றுக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கும்போது நாக்கும் துளையும் போதாது. போல்ட். இன்னும் நூறு முறை கேட்டாலும் போல்ட்தான்.

தச்சன்மகன்:
பின்னால் பழுதுபார்த்தபோது போட்டதாக இருக்கும். அது கணக்கில் வராது.

உலைக்கரி:
பழுதுபார்த்தபோது போட்டவை வேறு. நான் சொல்வது முதல் நாளே போட்டது. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

செவ்வண்ணம்:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நதிநடை போட்டிருக்கும் படத்தில் பாலம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. 2018இல் முடிந்த சீரமைப்பில் அதற்குக் கருஞ்சிவப்பு பூசிவிட்டார்கள். பழைய பூச்சுகளை ஆராய்ந்து, தொடக்கத்தில் இருந்த நிறம் அதுதான் என்று கண்டுபிடித்துப் பூசியது. "அண்மையில் நடந்தேன்" என்று எழுதியவரின் படத்தில் சாம்பல் எங்கிருந்து வந்தது?

நதிநடை:
நான் நடந்தது 2016இல். மனதில் பசுமையாக இருப்பதை அண்மை என்று எழுதினேன். என்னைப் பொய்யன் ஆக்கப் பார்க்கிறீர்கள். சென்ற மாதம் என் குற்றாலக் கட்டுரையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

செவ்வண்ணம்:
குற்றாலத்தை இங்கே இழுக்காதீர்கள். அங்கும் தவறு உங்களுடையதுதான்.

கற்கரி1709:
நீங்கள் சண்டை போடும் நேரத்தில் முக்கியமானதைக் கோட்டைவிடுகிறீர்கள். ஆற்றங்கரையில் நடந்தால் தொழிற்புரட்சி பிறந்த இடம் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று கட்டுரை சொல்கிறது. 1709இல் முதலாம் ஆபிரகாம் டார்பி கரிக்கட்டைக்குப் பதில் கற்கரியால் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) இரும்பு உருக்கிய உலை கரையில் இல்லை. கோல்புரூக்டேல் பள்ளத்தாக்கில் மேலே ஏறிப் போக வேண்டும். அதைப் பார்க்காமல் திரும்புவது கோவிலுக்குப் போய்க் கருவறையைப் பார்க்காமல் வருவது போல.

உலைக்கரி:
அதைத் தனியாகப் பேசலாம். முதலில் போல்ட் விஷயத்துக்கு அவர் பதில் சொல்லட்டும்.

கற்கரி1709:
எல்லாவற்றையும் நீங்களே தீர்மானிப்பதாக இருந்தால் நாங்கள் எதற்கு இங்கே?

ஆற்றுப்படை:
'செவர்ன்' அல்ல, 'செவெர்ன்'. இத்தனை பேர் எழுதுகிறீர்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பாலத்தை "டார்பியின் பாலம்" என்று கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறார். அதை வடிவமைத்தவர் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிட்சார்ட். பாலம் எழும் முன்பே, 1777 டிசம்பரில் இறந்துவிட்டார். செத்தவனுக்குப் பேர்கூட இல்லையா?

நதிநடை:
கட்டியவர் முதலாம் டார்பியின் பேரன், மூன்றாம் ஆபிரகாம் டார்பி. அதற்காகக் கடனில் மூழ்கியவரும் அவர்தான். கடன் பட்டவனுக்குப் பேர் கொடுத்தேன், அதில் என்ன தவறு?

தச்சன்மகன்:
கவனித்தீர்களா, பிரிட்சார்டும் தச்சு வேலையிலிருந்து கட்டடக் கலைக்குப் போனவர்தான். அவர் போல்ட்டை நம்பியிருக்க மாட்டார்.

உலைக்கரி:
அவர் நம்பினாரா என்பதல்ல கேள்வி, அங்கே இருக்கிறதா என்பதுதான். இது நான் புத்தகத்தில் மட்டும் படித்ததல்ல. பாலத்தின் தென்முனையில் உள்ள சுங்க வீட்டுச் சுவரில், பாலத்தைக் கடக்க அந்தக் காலத்தில் வாங்கிய கட்டணத்தின் பலகையைப் பார்த்தேன். நடந்து கடப்பவருக்கு அரைப் பென்னி. அரச குடும்பத்தாருக்கும் விலக்கு இல்லை என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து பாலத்தின் மேல் ஏறி, நடுவில் குனிந்து கைப்பிடிக்கு வெளியே எட்டி, அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். 1795 வெள்ளத்தில் அந்த ஆற்றின் கல் பாலங்கள் பல உடைந்தன. இது அசையவில்லை. அப்படி நின்ற ஒன்றைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதினால் எனக்குப் பொறுக்காது.

தச்சன்மகன்:
வெள்ளத்தில் நின்றது ஆப்பினால்தான்.

ஆற்றுப்படை:
செவெர்ன். இன்னும் திருத்தவில்லை.

நதிநடை:
யாருக்காகவும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அடுத்த கட்டுரை ஜாக்ஃபீல்டு ஓட்டுத் தொழிற்சாலை வழியாகக் கோல்போர்ட் வரை நடந்தது. நாளை போடுகிறேன்.

உலைக்கரி:
போடுங்கள். அதற்கு முன்னால் அந்த "ஒரு போல்ட்கூட இல்லை" வரியை எடுங்கள்.